உப்பு நின்ற இடம்

எங்கள் பள்ளியின் சைலஃபோன் ஒருமுறை ஒரு பிரமுகரின் மடியில் விழுந்தது. முழுதாக அல்ல, அதன் ஒரு கட்டை மட்டும். ஆனாலும் விழ வைத்தவள் நான்தான்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் பெண்கள் பள்ளியில் பேண்ட் வாத்தியக் குழு ஒன்று உண்டு. பெரிய டிரம், சின்ன டிரம்கள், ஜால்ரா, இரண்டு புல்லாங்குழல், ஒரு முக்கோணக் கம்பி, ஒரு சைலஃபோன். சைலஃபோனைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: ஏணியைப் படுக்க வைத்த மாதிரி ஒரு மரச்சட்டம். அதன்மேல் குறுக்காக, நீளமானதில் தொடங்கிக் குட்டையானதுவரை வரிசையாக மரக்கட்டைகள். நுனியில் உருண்டை வைத்த இரண்டு குச்சிகளால் தட்டினால் ஒவ்வொரு கட்டையும் ஒரு ஸ்வரம் சொல்லும். வெளிநாட்டில் இருந்த பழைய மாணவி ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. கொடுத்தபோது கட்டைகள் எல்லாம் ஒரு கயிற்றில் கோத்துத் தொங்கினவாம். நான் பேண்டில் சேர்ந்த காலத்துக்குள் கயிறு இற்றுப்போய்விட்டது. பெஞ்சு, டெஸ்க் பழுது பார்க்க வரும் தச்சர், பெஞ்சுக்குச் செய்கிற வைத்தியத்தையே இதற்கும் செய்தார். கட்டையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஸ்குரூ போட்டுச் சட்டத்தோடு இறுக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அதில் என்ன வாசித்தாலும் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரிதான் கேட்கும். பயிற்சி நடக்கும்போது பக்கத்து அறையிலிருந்து தலைமையாசிரியை, "உள்ளே வாங்க" என்று ஒருமுறை சொன்னதாக எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. சத்தம் வரவில்லையே என்று நான் ஓங்கி ஓங்கித் தட்டுவேன். தட்டத் தட்ட ஸ்குரூ தளரும். பள்ளி விழாவன்று கடைசிப் பாட்டின் நடுவில் ஒரு கட்டை துள்ளி எழும்பி, மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினரின் மடியில் போய் உட்கார்ந்தது. அவர் அதை நினைவுப் பரிசு என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையாலும் எடுத்து வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்துக் கும்பிட்டார். எண்ணூறு பெண்கள் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை.

மறுநாள் சைலஃபோன் ஸ்டோர் ரூமுக்குப் போனது. நான் முக்கோணத்துக்குப் போனேன். அதில் எனக்கு இருந்த வேலை பதினாறு எண்ணி ஒருமுறை 'டிங்' என்று தட்டுவது. பதினைந்து எண்ணும்போது யாராவது தும்மிவிட்டால் அதுவும் போச்சு. ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வாள். எனக்கு நினைவிருப்பது, எண்ணி எண்ணி வாய் வலித்தது மட்டும்தான்.

பேண்ட் மாஸ்டருக்கும் இது கஷ்டம்தான். மூன்று வாரத்தில் ஸ்ரீரங்கத்தில் பள்ளிகளுக்கு இடையே பேண்ட் போட்டி. சைலஃபோன் இல்லாமல் இரண்டு புல்லாங்குழலை நம்பிப் போனால் டிரம் சத்தத்தில் பாட்டே காணாமல் போய்விடும். ஒருநாள் வகுப்பு விட்டதும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உங்க வீட்ல சைக்கிள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைதானேம்மா? நட்டு, போல்ட்டு எல்லாம் இருக்குமே. அப்பாகிட்ட சொல்லி இதைக் கொஞ்சம் கழலாத மாதிரி பண்ணிக் கொண்டுவந்துடு. பெரிய மேடம்கிட்ட நான் பேசிக்கிறேன்."

சாயந்திரம் அத்தாவின், அதாவது என் அப்பாவின், கடை மூன்று சக்கர வண்டியில் சைலஃபோன் எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தது.

மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடைகளுக்குப் பின்னால் போகிற சந்து அது. கீழே கடை, மாடியில் வீடு. வீட்டில் அத்தா, அம்மா, நான், அப்புறம் சின்னம்மா. சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. துறையூரிலிருந்து காலேஜ் படிப்புக்காக வந்து மூன்று வருஷமாக எங்களோடு இருந்தாள். பி.எஸ்ஸி. இயற்பியல். அந்த வருஷம்தான் முடித்திருந்தாள். நல்ல மார்க். எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் துறையூரில் அவளுடைய அத்தா, அதாவது என் தாத்தா, படித்தது போதும் என்று சொல்லிவிட்டார். சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவரைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேச்சு முடிகிறவரை அக்கா வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். எனக்குத் தலை பின்னிவிட அம்மாவை விட அவளுக்குப் பொறுமை அதிகம்.

முதலில் வேலையை எடுத்துக்கொண்டவர் அத்தா. ஸ்குரூவை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, வாஷர் வைத்து, போல்ட் போட்டு, அடியில் நட்டு கொடுத்து ஸ்பானரால் முறுக்கினார். ஒரு ராத்திரியிலும் ஒரு காலையிலுமாக வேலை முடிந்தது. பாவம், நெற்றியெல்லாம் வியர்வை.

"இனி பூகம்பமே வந்தாலும் இது கழலாது. தட்டிப் பாரு."

தட்டினேன். 'டொக்' என்றது. அடுத்த கட்டையும் 'டொக்' என்றது. இருபது கட்டைக்கும் ஒரே ஒரு ஸ்வரம், அதுவும் ஸ்வரம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"விழலையில்ல? அப்புறம் என்ன?" என்றார் அத்தா.

அடுப்படியிலிருந்து சின்னம்மா சிரிப்பது கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மச்சான், கோவிச்சுக்காதீங்க. நீங்க அதைக் கழுத்தைப் பிடிச்சு அமுக்கி வெச்சுட்டுப் பாடுன்னு சொல்றீங்க."

அத்தா ஸ்பானரை அவளிடம் நீட்டினார். கோபமெல்லாம் இல்லை. கடைக்கு ஆள் வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார்.

சின்னம்மா மிகப் பெரிய கட்டையைக் கழற்றி எடுத்தாள். அதன் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, என்னைத் தட்டச் சொன்னாள். 'டொக்.' விரலைக் கொஞ்சம் உள்ளே நகர்த்திப் பிடித்தாள். கொஞ்சம் தேவலை. இன்னும் கொஞ்சம் உள்ளே. அங்கே ஓரிடத்தில் பிடித்துத் தட்டியபோது 'டோங்ங்' என்று ஒரு சத்தம் எழுந்து அறை முழுக்க நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு மேலும் விரலை நகர்த்தினால் மறுபடி சத்தம் செத்துப்போனது.

"அக்கா, தூள் உப்பு எங்க வெச்சே?"

"உப்பு எதுக்குடி?"

"ஒரு வேலை இருக்கு."

ஆடி மாதம். காற்று ஜன்னல் கதவுகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். பழைய துணியை இரண்டு சுருளாகச் சுற்றி, அவற்றின் மேல் கட்டையைப் படுக்க வைத்தாள். மேலே உப்பைச் சன்னமாகத் தூவினாள். நடுவில் மெல்ல, விடாமல் தட்டச் சொன்னாள். நான் தட்டினேன். உப்பு துள்ளியது. நடுவில் இருந்த உப்பு அங்கே இருக்கப் பிடிக்காமல் இரண்டு பக்கமும் ஓடியது. ஓரத்தில் இருந்தது உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டை முழுக்கக் காலியாகி, இரண்டு நுனிகளிலிருந்தும் சற்று உள்ளே தள்ளி, குறுக்காக இரண்டு வெள்ளைக் கோடுகள் மட்டும் நின்றன. நான் எவ்வளவு தட்டினாலும் அந்தக் கோடுகள் அசையவில்லை.

"பார்த்தியா? தட்டினா கட்டை வில்லு மாதிரி வளையும். நடுவு மேல போனா ஓரம் கீழ போகும். இந்த ரெண்டு இடம் மட்டும் மேலயும் போகாது, கீழயும் போகாது. இங்க பிடிச்சா அதுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

பென்சிலால் அந்தக் கோடுகள் மேல் கோடு போட்டாள். அம்மாவின் தையல் மெஷினிலிருந்து டேப்பை எடுத்து அளந்தாள். கட்டை முப்பத்தாறு சென்டிமீட்டர், கோடு நுனியிலிருந்து எட்டு. அடுத்து இருபத்தேழு சென்டிமீட்டர் கட்டை. அதில் ஆறு. அவள் கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து ஓடிப்போய்த் தன் காலேஜ் ரெக்கார்டு நோட்டை எடுத்து வந்து, அதன் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள்.

"ஒன்பதுல ரெண்டு பங்கு. ரெண்டுலயும் அதேதான். பதினெட்டு சென்டிமீட்டர் கட்டை இருக்கா பாரு. இருந்தா அதுல நாலு வரணும்."

இருந்தது. உப்புத் தூவினோம். நாலில் நின்றது. சின்னம்மா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். வலிக்கிற மாதிரியே கிள்ளினாள்.

எல்லாக் கட்டையும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடிப்பக்கத்தில் குடைந்து மெலிதாக்கியிருந்த நாலைந்து கட்டைகளில் கோடு கொஞ்சம் விலகி நின்றது. "இதுக்குக் கணக்கு வேற, எனக்குத் தெரியல. உப்பே சொல்லட்டும்" என்று அவற்றை ஒவ்வொன்றாகத் தூவிப் பார்த்தே குறித்தாள். அந்த நாலைந்து நாட்கள் வீட்டில் எங்கே கால் வைத்தாலும் உப்பு நறநறத்தது. அம்மா பெருக்கிப் பெருக்கி ஓய்ந்துபோனாள்.

அத்தாவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. "ஓரத்துல ஆணி அடிச்சவனைப் பார்த்திருக்கேன், நடுவுல அடிச்சவனைப் பார்த்திருக்கேன். ஒன்பதுல ரெண்டுன்னு கணக்குப் போட்டு அடிச்சவனை நான் பார்த்ததே இல்லம்மா" என்றார். சின்னம்மா ஒரு கட்டையைப் பென்சில் கோட்டில் பிடித்துத் தட்டிக் காட்டினாள். அத்தா டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆணியே வேண்டாம், பழையபடி கயிற்றில்தான் தொங்க வேண்டும் என்பது அவள் யோசனை. ஒவ்வொரு கட்டையிலும் அந்த இரண்டு இடங்களில் பக்கவாட்டில் ஓட்டை போட்டுக் கயிறு கோப்பது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் சட்டத்தில் கொக்கி வைத்துக் கயிற்றை அதில் தாங்க விடுவது. அப்போது கட்டை எதையும் தொடாது. ஒன்றோடொன்று இடிக்காமலும் இருக்கும். கொக்கியின் இரும்பில் பட்டு இரையாமல் இருக்க என்ன செய்வது என்று யோசித்தபோது, சைக்கிள் டியூபில் போடும் வால்வ் ரப்பரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மெல்லிய குழாய் மாதிரி இருக்கும் அது. துண்டு துண்டாக வெட்டிக் கொக்கிகளுக்குச் சட்டை போட்டோம். என் பங்கு அவ்வளவுதான். ஆனால் அந்த வயதில் எனக்கு அது பாதிக்கு மேல் என்று பட்டது.

ஏழாவது கட்டையில் ஓட்டை போடும்போது டிரில் சறுக்கி, கட்டை நீளவாக்கில் பிளந்துவிட்டது. அத்தா மெஷினை நிறுத்தினார். நாங்கள் வாசிக்கும் பாட்டில் அடிக்கடி வருகிற கட்டை அது. அத்தா அன்று சாப்பிடாமலே கடைக்கு இறங்கிப் போனார். மத்தியானம் சந்துமுனைத் தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு தேக்குத் துண்டோடு வந்தார். சின்னம்மா, பிளந்த கட்டையில் இருந்த அதே ஸ்வர எழுத்து பொறித்த குட்டைக் கட்டையைப் பக்கத்தில் வைத்துத் தட்டித் தட்டிக் காட்டச் சொல்லி, தேக்குத் துண்டின் நுனியை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள். நுனி குறையக் குறைய ஸ்வரம் ஏறியது. "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... போதும் போதும்!" என்று நான் கத்தியபோது, வந்து சேர்ந்திருந்தது. என்றாலும் அந்தக் கட்டைக்குக் கடைசிவரை ஜலதோஷம் பிடித்த குரல்தான்.

கோத்து மாட்டிய அன்று அருமையாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் நைலான் கயிறு நீண்டுபோய், நடுக் கட்டைகள் தொய்ந்து சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. தட்டினால் 'கர்ர்' என்றது. மறுபடி இழுத்துக் கட்டினோம். மறுநாளும் தொய்ந்தது. சின்னம்மா நோட்டைப் புரட்டினாள், நகத்தைக் கடித்தாள். வழி தெரியவில்லை. அத்தாதான் கீழே போய் ஒரு பிரேக் ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கயிறு நீளத்தான் செய்யும். நீளட்டும். ஒரு முனையில இதை மாட்டிவிடு. தொய்ஞ்சா அது இழுத்துக்கும்."

சின்னம்மா ஸ்பிரிங்கைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள். "மச்சான், நீங்க காலேஜுக்கு வந்திருக்கணும்" என்றாள். அத்தா வெட்கப்பட்டதை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அன்று சாயந்திரம் வாசித்துக் காட்டினேன். மெல்லத் தட்டினாலே போதுமாக இருந்தது. ஒவ்வொரு கட்டையும் தன் ஸ்வரத்தைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நின்று, மெல்லப் போனது. சந்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அத்தா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார். பாட்டு முடிந்ததும் சின்னம்மா அவரிடம் மெதுவாகக் கேட்டாள்:

"மச்சான், அந்தப் படிவத்துக்குக் கடைசித் தேதி நெருங்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா துறையூர்ல அத்தா கேப்பாங்க."

அத்தா சம்மணத்தைக் கலைத்து எழுந்தார். "பார்க்கலாம்மா. முதல்ல இந்தப் போட்டி முடியட்டும்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் தள்ளிப் போடுகிற அளவுக்கு என் போட்டி பெரியது என்று நினைத்தேன்.

போட்டியன்று சைலஃபோன் லோடு ஆட்டோவில் அத்தாவோடு போனது. நாங்கள் பேண்ட் பெண்கள் பள்ளி வேனில். அம்மாவும் சின்னம்மாவும் டவுன் பஸ்ஸில் வந்தார்கள். காவிரியில் புதுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாலத்தைத் தாண்டும்போது எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தோம். மாஸ்டர் அதட்டினார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளி அரங்கு. எங்கள் முறை ஐந்தாவது. நன்றாக வாசித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். புல்லாங்குழல் ஓரிடத்தில் தடுமாறியது. ஜலதோஷக் கட்டை தன் குரலில் பாடியது. ஒரு கட்டையும் துள்ளவில்லை, விழவில்லை. எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய பள்ளியின் டிரம்கள் எல்லாம் புத்தம் புதியவை.

பரிசு கொடுக்க வந்தவர் அந்த ஊர்ப் பெரியவர், காலேஜில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருமண், தோளில் மடித்துப் போட்ட அங்கவஸ்திரம். கேடயத்தைக் கொடுத்த கையோடு அவர் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் நேராக என் சைலஃபோனிடம் வந்தார். விரலால் ஒரு கட்டையைச் சுண்டினார். குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஓட்டை இருக்கும் இடத்தைப் பார்த்தார். பக்கத்துக் கட்டையைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்த்தார். பேண்ட் மாஸ்டர் மைக்கோடு ஓடி வந்தார்.

"பேஷ்! ரொம்ப பேஷ்! குழந்தே, இந்தத் துவாரத்துக்கு இடம் பார்த்துக் கொடுத்தது யாரு?"

எனக்குத் துவாரம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. துவாரம் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்க அத்தா!"

"யாரு, அத்தையா?"

"அத்தை இல்ல சார். அத்தா. எங்க அப்பா. சைக்கிள் கடை வெச்சிருக்காங்க."

அரங்கு கைதட்டியது. அத்தாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி ஏறி வந்தார். பெரியவர் தனக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். அத்தா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் போய்ச் சொன்னார்:

"ஐயா, நான் ஓட்டை போட்டது மட்டும்தாங்க. இடம் பார்த்துச் சொன்னது எங்க வீட்டுப் பொண்ணு."

இப்போது கைதட்டல் இன்னும் பெரிதாக எழுந்தது. பெரியவர் வியந்துபோய் என் பக்கம் திரும்பினார். கையை என் தலைமேல் வைத்தார்.

"இந்தக் குழந்தையா? அடடா! எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"உப்பு தூவித் தட்டினோம் சார். ஆடாத இடத்துல உப்பு நின்னுச்சு. அளந்து பார்த்தா ஒன்பதுல ரெண்டு பங்கு."

எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு சொல் தடுக்கவில்லை. பெரியவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "தீர்க்காயுசா இரு" என்று ஆசீர்வதித்தார். அத்தா மறுபடி மைக்குக்குக் கை நீட்டினார். அதற்குள் அடுத்த பரிசை அறிவிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்களை இறங்கச் சொல்லி ஒருவர் சைகை காட்டினார். பத்திரிகைக்காரர் ஒருவர் என்னைச் சைலஃபோனோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்.

திரும்பும்போது நான் வேனில் போகவில்லை. அம்மாவோடும் சின்னம்மாவோடும் பஸ்ஸில் வந்தேன். பொன்னாடை என் தோளில் இருந்தது. சின்னம்மா ஜன்னல் ஓரம்.

"சின்னம்மா, நான் நல்லா வாசிச்சேனா?"

"நல்லா வாசிச்சே. ஒரு கட்டைகூட விழல."

"அந்த சார் என்னை எப்படிப் பாராட்டினாங்க, கேட்டீங்களா?"

"கேட்டேனே" என்று என் முடியை ஒதுக்கிவிட்டாள். அம்மா அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

வந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடித்த கையோடு அத்தா துறையூருக்குப் பஸ் ஏறினார். இருட்டுவதற்குள் வந்துவிட்டார். அங்கே என்ன நடந்தது என்பது எனக்கு ரொம்பப் பின்னால், அம்மா சொல்லித்தான் தெரியும். தாத்தா அவரை வாசலிலேயே செய்தித்தாளோடு வரவேற்றிருக்கிறார். அதில் என் படம். மாணவி கண்டுபிடித்த புது முறை என்று நாலு வரி. கடைத்தெருவில் பாதிப் பேருக்கு அதை ஏற்கெனவே காட்டி முடித்திருந்தார். அத்தா, "அது உங்க மகளோட மூளை. அந்தப் பிள்ளையைப் படிக்க விடுங்க" என்று சொன்னபோது, தாத்தா அன்பாகச் சிரித்து, செய்தித்தாளை மறுபடி விரித்துக் காட்டினாராம்.

"பேப்பர்ல வேற மாதிரில்ல போட்டிருக்கு, மாப்ள? கொழுந்தியாளுக்காகப் பரிஞ்சு பேசறீங்க, புரியுது. அது நல்ல மனசு."

அத்தா எவ்வளவு சொன்னாரோ அவ்வளவுக்கு அவருடைய நல்ல மனசு பெரிதாகிக்கொண்டே போனது. தம்மாம் மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்ற செய்தியோடு அவர் திரும்பி வந்தார். அன்று வீட்டில் மெதுவாகவே பேசிக்கொண்டார்கள். "அந்த மைக்கைப் பிடுங்கியாவது சொல்லியிருக்கணும்" என்று அத்தா சொன்னது எனக்குக் கேட்டது. இன்னும் கொஞ்சம் என்னைப் பற்றிப் புகழ்ந்திருக்கலாம் என்று வருத்தப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். படிவத்தின் கடைசித் தேதி அடுத்த வாரம் வந்து போனது. மூன்று மாதத்தில் சின்னம்மாவுக்குக் கல்யாணம்.

அவளுக்கு ஒன்றும் கெட்டுப் போய்விடவில்லை. மாப்பிள்ளை நல்ல மனிதர். இரண்டு பிள்ளைகள். எம்.எஸ்ஸி.யைத் தபால் வழியில், முப்பத்து நாலாவது வயதில் முடித்தாள். இப்போது அங்கேயே ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லித் தருகிறாள். போன வருஷம் வந்திருந்தபோது நான் அந்தப் பேச்சை எடுத்தேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ உளறினேன். "உன்னைக் கேட்டது ஓட்டையைப் பத்தின்னு நினைச்சுட்டே. பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு வேற என்ன தெரியும்?" என்று சிரித்துவிட்டு, இட்லிக்குச் சட்னி இன்னும் வேண்டுமா என்று கேட்டாள்.

ஆனால் அவளிடமும் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்த வயதில் யாரிடமும் சொல்லவில்லை. மறைத்தேன் என்றில்லை, சொல்வதற்கு அதில் ஏதாவது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"எங்க வீட்டுப் பொண்ணு" என்று அத்தா மைக்கில் சொன்னாரே, அந்த நொடியில், கடைசிக்கு முந்தைய வரிசையில் சின்னம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்திருப்போமே, அப்படி. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, முகமெல்லாம் சிவந்து எழுந்து நின்றாள். அப்போதுதான் பெரியவரின் கை என் தலைமேல் இறங்கியது. கூட்டத்தில் முன்னால் இருப்பவர்கள் மறைக்கிறார்கள், என்னைப் பார்க்கத்தான் எழுந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று ஓரடி முன்னால் வந்து நின்று, மேடையிலிருந்து கையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அவளும் கையை ஆட்டினாள். உட்கார்ந்து, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.